தொப்பிக்கு ஒரு ஓட்டு

யாராவது என்னைச் சிரிக்க வைக்க வந்தால் முதலில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வாய்விட்டுச் சிரிக்கிறவனுக்குக் கண் பாதி மூடிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது. அதனால் பேக்கிங் பெண்கள் ஆண்டுக் கூட்டத்தன்று ஒரு சிரிப்பு நாடகம் போடப் போகிறார்கள், உலகத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்த கதைதான் நாடகம் என்று கேள்விப்பட்டதுமே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அதற்குத் தலைமை என் மகள் என்று தெரிந்தபோது இன்னும் கொஞ்சம் வேர்த்தது.

எங்கள் ரொட்டித் தொழிற்சாலைக்கு முதலாளி என்று ஒருவன் கிடையாது. வேலை செய்கிறவர்கள் சேர்ந்து வைத்த சங்கம்தான் முதலாளி. என்ன மிஷின் வாங்குவது, எந்தக் கடைக்கு ரொட்டி போடுவது, யாரைச் செயலாளராக வைப்பது, எல்லாமே ஓட்டுதான். மாவு பிசைகிறவர்களுக்கும் அடுப்பில் நிற்கிறவர்களுக்கும் வெள்ளைத் தொப்பி உண்டு. ரொட்டியைத் தாளில் சுற்றிக் கட்டுகிற பேக்கிங் பெண்களுக்குத் தலையில் கட்டிக்கொள்ள ஒரு துணி. சங்கத்தின் விதி, தொப்பிக்கு ஒரு ஓட்டு. ஆண், பெண் என்று அந்த விதியில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. வெளி ஆட்கள் வந்தால் அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வோம்.

ஓட்டுப் போடுவதும் தொப்பியால்தான். கூடத்தில் எதிரெதிராக இரண்டு சுவர், இரண்டிலும் வரிசையாக ஆணி. வலது சுவர் வேண்டும், இடது சுவர் வேண்டாம். செயலாளர் மணி அடித்ததும் அவரவர் எழுந்துபோய்த் தொப்பியை மாட்ட வேண்டும். மணி அடித்த பிறகு ஆணியில் ஏறிய தொப்பியை எண்ணி முடிக்கும்வரை யாரும் இறக்கக் கூடாது. அது யாருடைய தொப்பி, யார் மாட்டினார் என்றும் கேட்கக் கூடாது. ஒரு காலத்தில் அப்படிக் கேட்டுக் கேட்டே மண்டை உடைந்திருக்கிறது, அதனால் வந்த விதி. பெண்களுக்கு இதெல்லாம் தெரியாது. மணிக்கு முன்பே அவர்கள் வெளியே போய்விடுவார்கள். ஓட்டுப் போட்டுக் களைத்து வருகிறவர்களுக்குத் தேநீர் போட வேண்டுமே.

எண்ணுகிறவன் நான். அடுப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பொறுப்பை என்னிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. நான் யாரையும் நம்புவதில்லை என்பதால் எல்லோரும் என்னை நம்பினார்கள்.

பேக்கிங் பெண்களுக்கும் தொப்பி கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தீர்மானம் வந்தது. வேலை செய்கிறவர் யார் வேண்டுமானாலும் தீர்மானம் கொடுக்கலாம், ஓட்டுப் போடத்தான் தொப்பி வேண்டும். இரண்டு வருஷமும் தோற்றது. இந்த வருஷமும் என் மகள் கொடுத்திருந்தாள். மூன்றாவது முறையும் தோற்றால் பத்து வருஷத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. என் மகளுக்கு ஐம்பது நெருங்குகிறது. பத்து வருஷம் கழித்துத் தொப்பி வந்தால் அதை வைத்து அவள் வீட்டில் பாத்திரம்தான் பிடித்து இறக்க முடியும். போன வருஷம் அடுப்புக்கு இடம் வேண்டும் என்று பேக்கிங் மேசையை லாரி நிற்கிற வாசலுக்குப் பக்கத்தில் தள்ள ஓட்டுப் போட்டோம். அந்த வாசல் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். குளிர்காலம் முழுக்க அவள் இருமினாள். இருமல் அடங்கிய நேரத்தில் தீர்மானத்தைப் பற்றிப் பேசினாள்.

நாடகத்துக்கு அனுமதி கேட்கப் போனபோது செயலாளர் உடனே சரி என்று சொல்லிவிட்டான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் சின்ன வயசுக்காரன், பல் வரிசையாக இருக்கும், அதை எல்லோரிடமும் காட்டுவான். வாசல் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னால்கூட ஆறு மாசம் யோசிக்கிறவன். நாடகத்துக்கு மட்டும் என்ன அவசரம்?

அவன் என்னைக் கூப்பிட்டான். "பெரியவரே, ஒத்திகைய நீங்க போய்ப் பாருங்க. சங்கத்தைக் கிண்டல் பண்ணி ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"என் மகளையே என்னை வேவு பாக்கச் சொல்றியா?"

"வேவு இல்ல, மேற்பார்வை."

"வேற யாரும் கிடைக்கலையா?"

"உங்களுக்கு எதுவுமே பிடிக்காது. அதான் உங்களை அனுப்புறேன்" என்று பல்லைக் காட்டினான்.

பேக்கிங் அறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒத்திகை நடந்தது. மூலையில் ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தேன். பெண்களில் 'ஊசி' என்று ஒருத்தி இருக்கிறாள். ஆள் பெருத்த உடம்பு, வாய்தான் ஊசி. என்னைப் பார்த்ததும், "வாங்க மாமா. சிரிக்க வந்தீங்களா, இல்ல சிரிச்சவங்களைக் கணக்கெடுக்க வந்தீங்களா?" என்றாள். 

முதல் காட்சியில் ஒரு பெண்ணைப் பார்சல் கட்டினார்கள். லண்டனில் நூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஓட்டு கேட்டுப் பிரதம மந்திரியைப் பார்க்கப் போனார்களாம். உள்ளே விடவில்லை. ஆளைத் தபாலில் அனுப்பலாம் என்று தபால் இலாகா விதியில் ஓர் இடம் இருந்ததாம். நேரே தபால் ஆபீசுக்குப் போய்த் தங்களையே பிரதம மந்திரி வீட்டுக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டார்களாம். இது நிஜமாக நடந்தது என்று மகள் சத்தியம் செய்தாள். அந்தப் பெண்கள் தாள் சுற்றிக்கொண்டு போனார்களோ என்னவோ, எங்கள் ஆட்கள் தொழில் மறக்காதவர்கள். நெட்டையான ஒருத்தியை மேசைமேல் நிறுத்தி, ரொட்டி சுற்றுகிற தாளால் கழுத்துவரை சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சுப் போட்டு, நெற்றியில் தபால்தலை ஒட்டி முடித்தபோது நான் ஒரு தடவைதான் மூச்சு விட்டிருப்பேன். பிரதம மந்திரி வீட்டு வேலைக்காரன் கதவைத் திறந்து, "இந்தப் பார்சலை வாங்க முடியாது" என்றான். பார்சல், "அப்ப திருப்பி அனுப்புற செலவு யாருது?" என்று கேட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது, வெளியே விடவில்லை.

அடுத்த காட்சியில் குழம்பிப்போனேன். அமெரிக்காவில் ஒரு மாகாணத்தில் இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே சொத்து உள்ள பெண்களுக்கு ஓட்டு இருந்ததாம். பிறகு ஒரு தேர்தலில் ஆண்கள் பாவாடை கட்டிக்கொண்டு வந்து இரண்டாவது தடவை ஓட்டுப் போட்டார்கள் என்று புகார் கிளம்பியதாம். உடனே சபை கூடி ஓட்டைப் பிடுங்கியது.

"ஆம்பளைங்ககிட்டேருந்தா?" என்றேன்.

"பொம்பளைங்ககிட்டேருந்து."

"திருட்டு ஓட்டுப் போட்டது ஆம்பளைங்கதானே?"

"பாவாடை பொம்பளைங்களோடது இல்லையா மாமா. நாங்கதான் ஜாக்கிரதையா பூட்டி வெச்சிருக்கணும்" என்றாள் ஊசி.

இதை நடிக்க ஒரு பெண் ஆண் வேஷம் போட்டு, அந்த ஆண் பாவாடை கட்டிப் பெண் வேஷம் போட வேண்டும். அவள் ஒவ்வொரு தடவையும் எந்தக் குரலில் பேசுவது என்று மறந்துவிட்டாள். நானும் யார் யாரென்று பிடிக்க முடியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேஷத்துக்குள் வேஷம் வருகிற இடத்தில் ஏதாவது ஒளித்துவைக்க வசதியாக இருக்கும்.

பிறகு என் மகள் மந்திரியாக வந்தாள். வயிற்றில் ஒரு மாவுப் பையைக் கட்டிக்கொண்டு, கட்டைவிரலை இடுப்பில் செருகி, தொண்டையைச் செருமினாள்.

"சபையோரே, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டா ஒரு ஓட்டு வீண். எதிரெதிர் பக்கம் போட்டா வீட்ல சண்டை. வீணும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஓட்டே வேண்டாம்."

நான் மூட்டையிலிருந்து எழுந்துவிட்டேன். போன வருஷக் கூட்டத்தில் நான் பேசியது அது. வார்த்தைக்கு வார்த்தை. கை தட்டினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோதும் இரண்டு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"நிறுத்து. என்னைத்தானே கிண்டல் பண்றே?"

"இல்லப்பா."

"கட்டைவிரலை இடுப்புல வெச்சது?"

"எல்லா மந்திரியும் அப்படித்தான் வெப்பாங்க."

"வசனம்?"

"நூலகத்துல எடுத்த புத்தகத்துல இருந்துச்சு. நூறு வருஷத்துக்கு முந்தி ஊர் ஊரா இதையே சொல்லியிருக்காங்க. சபையில, பத்திரிகையில, எல்லா இடத்துலயும்."

"அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எது?"

"நான் சொல்லப்போறது."

பெண்கள் எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள் குலுங்கியது. எனக்குப் புரியத்தான் செய்தது, ஆனால் பிடிக்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டு யோசித்துக் கண்டுபிடித்த பேச்சு. யாரோ ஒருவன் எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டு, தோற்றும் போயிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளும் பேக்கிங் அறையில் முதுகு வளைய வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "நானா யோசிச்சதுன்னு நினைச்சேன்" என்றேன்.

"நாங்க ஒருநாளும் அப்படி நினைக்கலையே" என்றாள்.

கடைசிக் காட்சியில்தான் எனக்குச் சந்தேகம் முற்றியது. கடிகாரம் செய்கிற மலைநாடு ஒன்று இருக்கிறதே, சுவிட்சர்லாந்து, அங்கே ஒரு சின்ன மாநிலத்தில் ஆண்கள் எல்லோரும் மைதானத்தில் கூடிக் கை தூக்கி ஓட்டுப் போடுவார்களாம். ஓட்டு உள்ளவன் என்பதற்கு அடையாளம் இடுப்பில் வாள். பெண்களுக்கு வாள் கிடையாது, அதனால் ஓட்டும் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுவரைக்கும் இதே கூத்து. அந்த வருஷமும் ஆண்கள் கூடி வேண்டாம் என்றுதான் கை தூக்கினார்களாம். கடைசியில் கோர்ட் சொல்லித்தான் ஓட்டு வந்ததாம்.

"தொண்ணூறா? அப்ப நம்ம வீட்ல டிவி இருந்துச்சே" என்றேன்.

"ஆமாப்பா."

ஒத்திகையில் வாளுக்குப் பதில் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். "நாடகத்தன்னிக்கு நிஜத் தொப்பி வேணும்ப்பா. வாளுன்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்குச் சட்டுன்னு உறைக்காது, தொப்பின்னா உறைக்கும். செயலாளர்கிட்ட கேட்டோம். எல்லாரும் இரவல் கொடுங்கன்னு அவரே சொல்றேன்னாரு."

"அவனேவா?"

"அவரேதான்."

தொப்பி என்றால் எங்கள் இடத்தில் ஓட்டு. ஓட்டைக் கூடையில் அள்ளி அடுத்தவள் கையில் கொடுக்கச் சொல்கிற செயலாளரை நான் கேள்விப்பட்டதில்லை. நேரே அவனிடம் போனேன்.

"சிரிக்கத்தானே பெரியவரே" என்றான்.

"தொப்பிய எடுத்துக்கிட்டு இவங்க வேற ஏதாவது பண்ணிட்டா?"

"உங்க மக மேலயே சந்தேகமா?"

"வீட்டு ஆள்னா சந்தேகப்பட வசதி. பக்கத்துலயே இருப்பாங்க."

சொல்லிவிட்டேனே தவிர என்ன செய்துவிடுவார்கள் என்று எனக்கே பிடிபடவில்லை. வலது சுவரில் ரகசியமாக மாட்டி ஜெயித்ததாகச் சொல்லிவிடுவார்களோ என்று தோன்றியது. மணி அடிக்குமுன் மாட்டினால் செல்லாது. நாடகம் முடிந்து தொப்பியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் மணி. எதற்கும் வலது சுவர்ப் பக்கமே நாற்காலி போட்டு உட்காருவது என்று முடிவு செய்தேன்.

கூட்டத்தன்று கூடம் நிரம்பிவிட்டது. வாசலில் ஊசி ஒரு ரொட்டிக் கூடையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றிப் போட்டார்கள்.

"பேன் இருந்தா எடுத்துட்டுக் கொடுங்கண்ணே."

"இருக்கிறது ஒண்ணுதான், அதையும் கேக்குறியா?"

பெரிய அடுப்பைப் பார்த்துக்கொள்கிற மீசைக்காரர் மட்டும் தயங்கினார். பெண்களுக்குத் தொப்பி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போகிறவர் அவர். மற்றவர்கள் கேலி செய்ததும் அவரும் போட்டார். நான் போடவில்லை. என் தொப்பி என் மடியில்தான் இருந்தது.

பெண்களின் வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். என் மனைவி கடைசி வரிசையில் இருந்தாள். சத்தம் அடங்கவில்லை. செயலாளர் எழுந்து, மேசைமேல் இருந்த மணியை எடுத்து அடித்தான். "அமைதி, அமைதி. நாடகம் ஆரம்பிக்குது" என்றான். கூடம் அடங்கியது. எனக்கு என்னவோ உறுத்தியது. கை தட்டியிருந்தாலே அடங்கியிருக்கும்.

ஆனால் அதற்குள் நெட்டைச்சியைப் பார்சல் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கூடமே கூத்தாகிவிட்டது. "நல்லா இறுக்கிக் கட்டு, ரொட்டி நொறுங்கிடும்" என்று ஒருவன் கத்தினான். பாவாடைக் காட்சியில் அந்தப் பெண் ஆண் குரலை மறந்து, பெண் குரலை மறந்து, கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு குரலில் பேசினாள். மாவு பிசைகிற ஒருவன் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து வெளியே போனான். என் மகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து வீணும் வேண்டாம் சண்டையும் வேண்டாம் என்றபோது மொத்தக் கூடமும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு மலைநாட்டுக் காட்சி. பெண்கள் ஆளுக்கொரு தொப்பியை வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தார்கள். என் மகள், "பெண்களுக்கு ஓட்டு வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்று கும்பல் கத்தியது. கத்திவிட்டு ஒவ்வொருத்தியாகப் போய் இடது சுவரில் தொப்பியை மாட்டினார்கள். கூடையில் மிச்சம் இருந்ததையும் ஊசி அள்ளி ஒவ்வோர் ஆணியாக மாட்டினாள். "இது செத்துப்போன தாத்தா ஓட்டு. இது பொறக்காத பேரன் ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே மாட்டினாள். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. இடது சுவர் முழுக்க வெள்ளை. நான் காவல் காத்த வலது சுவரில் ஒன்றும் இல்லை.

கோர்ட்டார் வேஷத்தில் ஒருத்தி வந்து தீர்ப்புச் சொல்ல வாய் திறந்தாள். செயலாளர் எழுந்து நின்றான்.

"ஒரு நிமிஷம். யாரும் தொப்பியத் தொடாதீங்க."

சிரிப்பு பாதியில் நின்றது.

"கூட்டம் ஆரம்பிச்சு மணி அடிச்சாச்சு. எல்லாரும் கேட்டீங்க. கேள்வியும் கேட்டாச்சு. நான் கேட்கல, தீர்மானம் கொடுத்தவங்களே கேட்டாங்க. தொப்பி ஆணியில ஏறியாச்சு. ஏறின தொப்பி ஓட்டு. விதி நான் போட்டதில்ல." என் பக்கம் திரும்பினான். "பெரியவரே, எண்ணிடுங்க. மூணாவது தடவையும் தோத்துப்போச்சு."

என் மகள் மாவுப் பையை வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றாள். "அது நாடகம்ங்க" என்றாள்.

"விதியில நாடகம்னு தனியா எதுவும் சொல்லலையேம்மா."

"இடது பக்கம் மாட்டச் சொன்னதே நீங்கதானே" என்றாள் ஊசி. "நாங்க மேசைமேல வெக்கிறோம்னுதானே சொன்னோம்? ஆணி சும்மாதானே இருக்கு, மாட்டினா எடுப்பா இருக்கும்னு காலையில சொன்னீங்களே."

"எடுப்பாத்தான் இருக்கு" என்றான். பல் தெரிந்தது.

ஆண்களில் பாதிப் பேர் இன்னும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்குக் கணக்கு விளங்கியது. பழைய ஆட்கள் பலர் போய்விட்டார்கள். புதிதாக வந்த பையன்களில் பலருக்குப் பெண்டாட்டி பேக்கிங் அறையில் இருக்கிறாள். இந்தத் தடவை தீர்மானம் ஜெயித்துவிடும் என்று அவன் பயந்திருக்கிறான். பேக்கிங் பெண்கள் ஓட்டுப் போட்டால் அடுத்த வருஷம் அவன் நாற்காலி போய்விடும். நான் பத்து நாளாகத் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். எல்லோரையும்தான் சந்தேகப்பட்டேன். நாற்காலியைத் தப்பான சுவரில் போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

என் மகள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவள் முகம் தாளில் சுற்றிய ரொட்டி மாதிரி ஒன்றும் தெரியாமல் இருந்தது. பத்து வருஷம் அந்த வாசல் காற்று.

நான் எழுந்து இடது சுவருக்குப் போனேன். எண்ணவில்லை. அங்கேயே நின்று கேட்டேன்.

"செயலாளர் தம்பி, இதெல்லாம் ஓட்டா?"

"ஓட்டுதான்."

"செல்லுமா?"

"செல்லும்."

"யார் மாட்டினதுன்னு நான் கேட்கக் கூடாது."

"கூடாது. அதானே விதி."

"சரி. நான் கேட்கல. ஆனா கூடத்துல இருக்கிற எல்லாருக்கும் கண்ணு இருக்கு. இந்தச் சுவர்ல தொங்குற ஒவ்வொரு ஓட்டையும் போட்டது பேக்கிங் பொண்ணுங்க. அது செல்லும்னு செயலாளரே சொல்லிட்டாரு. அப்ப நம்ம சங்கத்துல பொம்பளைங்க ஓட்டுப் போட்டாச்சு. எண்ணி அறிவிச்சுடட்டுமா?"

செயலாளர் வாயைத் திறந்தான். அதற்குள் கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. மீசைக்காரர்தான்.

"என்னய்யா பேச்சு இது? என் தொப்பிய அவ மாட்டி, அது என் ஓட்டா? என் ஓட்டை ஒரு பொம்பள போடுறதா?"

"அண்ணே, உங்க பக்கம்தான் விழுந்திருக்கு" என்று செயலாளர் கையை ஆட்டினான். "உட்காருங்க. உங்க பக்கம்தான்."

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? செல்லாதுன்னா செல்லாது. பொம்பள போட்ட ஓட்டை எண்ணினா நான் இன்னைக்கே சங்கத்தை விட்டுப் போறேன்."

"அண்ணே, கொஞ்சம் கேளுங்க. செல்லாதுன்னு சொன்னீங்கன்னா..."

"செல்லாது."

அவருடைய ஆட்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். செல்லாது, செல்லாது என்று கத்தினார்கள். பெண்களும் சேர்ந்துகொண்டு செல்லாது என்று கத்தினார்கள். மீசைக்காரரும் ஊசியும் ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் கத்தியது அந்தக் கூடத்தில் அதுதான் முதல் தடவை. செயலாளர் ஒரு பக்கம் பார்த்தான், இன்னொரு பக்கம் பார்த்தான். செல்லும் என்றால் பெண்களுக்கு ஓட்டு உண்டு. செல்லாது என்றால் சுவர் காலி.

"செல்லாது" என்றான் கடைசியில், மேசையைப் பார்த்துக்கொண்டு.

தொப்பிகளை இறக்கிக் கூடையில் கொட்டினோம். பிறகு ஒரு கால்மணி நேரம் ரகளை. யார் தொப்பி எது என்று தெரியவில்லை. ஆளாளுக்கு எடுத்துப் போட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, "இது என் எண்ணெய் வாசம் இல்ல" என்று பக்கத்தில் இருப்பவனிடம் நீட்டினார்கள். மீசைக்காரருக்குக் காதுவரை இறங்குகிற ஒன்று வாய்த்தது. அதை வைத்துக்கொண்டே கோபமாக இருந்தார்.

செயலாளர் மறுபடி மணியைக் கையில் எடுத்தான். பெண்கள் வழக்கம்போல் வெளியே கிளம்பினார்கள். "இருங்க" என்றேன். "கூட்டத்தைப் பாக்கக் கூடாதுன்னு விதி இல்ல. இவ்வளவு நாளா தேநீருக்குத்தான் போனீங்க." நின்றார்கள்.

மணி அடித்தது. ஆண்கள் எழுந்து போய் மாட்டினார்கள். செயலாளர் இடது பக்கம் மாட்டினான். அதைப் பார்த்துவிட்டு நான் வலது பக்கம் போனேன். நாடகம் பார்த்து மனசு மாறிவிட்டது என்று பிறகு யாரோ சொன்னார்கள். கிடையாது. ஒன்றைக் கொடுக்காமல் இருக்க ஒருவன் இவ்வளவு பாடுபட்டால் அதில் ஏதோ இருக்கிறது. அவ்வளவுதான்.

எண்ணினேன். ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை. மூன்று தொப்பி வித்தியாசத்தில் தீர்மானம் ஜெயித்திருந்தது. அறிவித்தேன். பெண்கள் கத்துவார்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் மகள் வயிற்றில் கட்டியிருந்த மாவுப் பையை அவிழ்த்துக் கீழே வைத்தாள். பிறகு உட்கார்ந்து இருமினாள்.

ஆண்கள் தொப்பியை இறக்கி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த விஷயம், எண்ணுகிறவர் தேர்வு. வருஷா வருஷம் என் பெயரைச் சொல்வார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள், அடுத்ததற்குப் போவார்கள். செயலாளர் வேண்டாவெறுப்பாக என் பெயரைச் சொன்னான். என் மகள் எழுந்தாள்.

"எண்ணுறது ஒருத்தர் போதாது. ரெண்டு பேர் வேணும்."

நான் திரும்பினேன்.

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

"அப்பா மேல இருக்கு. ஒத்தை ஆளா எண்ணுறவர் மேல இல்ல. இன்னைக்கு நீங்க நினைச்சிருந்தா எண்ணி முடிச்சிருக்கலாம். பத்து வருஷம் போயிருக்கும்."

நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"ஓட்டுக்கு விடுங்க" என்றேன்.

"உங்களுக்கு இன்னும் தொப்பி தைக்கலையே" என்றான் செயலாளர், பெண்களைப் பார்த்து.

ஊசி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஓர் உதறு உதறினாள். மாவு பறந்தது. மணி அடித்ததும் போய் வலது சுவரில் மாட்டினாள். பின்னாலேயே மற்றவர்கள். நெட்டைச்சி, பாவாடைக்காரி, கோர்ட்டார், என் மகள். எந்த ஆணி என்று தயங்கித் தயங்கி, பக்கத்துத் துணிமேல் படாமல் மாட்டினார்கள். ஆண்கள் மாட்டிய தொப்பிக்கு நடுவில் துணி தொங்கிய அந்தச் சுவர் துணி காயப்போட்ட கொல்லை மாதிரி இருந்தது.

எண்ணப் போனேன். தொப்பியை எண்ணி முடித்துத் துணிக்கு வந்தேன். ஒன்று அதிகமாக இருந்தது. திரும்ப எண்ணினேன். அதிகம்தான். கடைசி ஆணியில் ஒரு பழைய துணி, ஓரம் நைந்து, பழுப்பேறிப்போனது. இப்போது கொடுக்கிற துணி அப்படி இருக்காது.

"இது யாருது?" என்று கேட்கக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. ஆனால் துணியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எத்தனை வருஷம் எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கியிருக்கிறது.

கடைசி வரிசையைப் பார்த்தேன். என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஓய்வு பெற்றாச்சே" என்றேன்.

"நீங்க?" என்றாள்.

கூடத்தில் எல்லோரும் நான் இன்னும் மாட்டாமல் கையில் வைத்திருந்த தொப்பியைப் பார்த்தார்கள். அடுப்பை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் ஆண்கள் யாரிடமிருந்தும் யாரும் தொப்பியைத் திருப்பி வாங்கியதில்லை. செயலாளரைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீசைக்காரர் இந்த ஓட்டுக்கு எழுந்திருக்கவே இல்லை, தொப்பி காதை மூடியிருந்ததால் பேச்சு எட்டவில்லை போலிருந்தது.

"எண்ணுங்கப்பா" என்றாள் மகள். எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். இன்னும் யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குள் விரலை நீட்டி, முதல் ஆணியிலிருந்து தானும் எண்ண ஆரம்பித்தாள்.